பூனையின் மேல் 5, வீட்டுத் தரையில் 95

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்றிருந்த நாங்கள், மூன்று வாரம் கழித்து, ஜூன் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் மும்பைப் புறநகரில் உள்ள எங்கள் தரைத்தள வீட்டின் கதவைத் திறந்தோம். பருவமழையின் முதல் வீச்சு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பெட்டிகளைக் கூடத்தில் இறக்கி வைத்து, காலணியைக் கழற்றி நாலடி நடப்பதற்குள் கணுக்காலில் ஊசி குத்தியதுபோல் சுரீரென்றது. குனிந்து பார்த்தேன். வெள்ளைக் காலுறையின் மீது கடுகைவிடச் சிறிய கரும்பழுப்புப் புள்ளிகள் ஏழெட்டு இருந்தன. தட்டிவிடக் கையை நீட்டியதும் அவை தாவி மறைந்தன.

“இது கொசுவும் இல்லை, மூட்டைப்பூச்சியும் இல்லை. தெள்ளு. சிறு வயதில் எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் பார்த்திருக்கிறேன்” என்றார் என் மாமியார்.

அன்று மாலைக்குள் இரண்டு வயது மகனின் கால்கள் முழுவதும் சிவந்த தடிப்புகள் தோன்றிவிட்டன. காரணம் யாரென்று வீட்டில் எவரும் ஐயுறவில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மாடிப்படியின் அடியிலிருந்து ஒன்பது வயது மகள் எடுத்து வந்த பூனை, நாங்கள் ஊரில் இருந்த மூன்று வாரமும் என் கணவரின் அலுவலக நண்பர் இல்லத்தில் இருந்தது. “அது அங்கிருந்தே எங்காவது போகட்டும் அம்மா. குழந்தை உள்ள வீட்டுக்கு அது வேண்டாம்” என்று மாமியார் என்னிடம் சொன்னபோது, என்னால் மறுத்துப் பேச இயலவில்லை. மகள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த மூன்று மாதங்களில் நாங்கள் கற்றவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். செல்லப்பிராணி வளர்க்கும் இல்லங்கள் பெருகிவரும் இந்நாளில் இது பலருக்கும் பயன்படக்கூடும்.

தெள்ளு எது, உண்ணி எது?

பூனை, நாய் ஆகியவற்றின் உடலில் காணும் எல்லாப் பூச்சிகளையும் ‘உண்ணி’ என்றே பேச்சு வழக்கில் சொல்லிவிடுகிறோம். மருந்துக் கடையில் நேரும் குழப்பம் இங்குதான் தொடங்குகிறது. உண்ணி சிலந்தி இனத்தோடு உறவுடையது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். தோலைக் கவ்விக்கொண்டு நாட்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கும், தாவாது. தெள்ளுக்கு ஆறு கால்கள், இறக்கை இல்லை. நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை. இரு புறமும் வைத்து அழுத்தியதுபோல் உடல் தட்டையாக இருப்பதால், அடர்ந்த முடிகளுக்கிடையே நழுவி ஓடிவிடும். பின்னங்கால்களின் வலிமையால் தன் உடல் நீளத்தைப்போல் பல மடங்கு உயரம் தாவும். ஆகவேதான் மனிதர்களை அது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே கடிக்கிறது. மூட்டைப்பூச்சியோ கட்டில் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் ஊர்ந்து வருவது, அதுவும் தாவாது.

வீட்டு விலங்குகளிடம் உலகெங்கும் மிகப் பரவலாகக் காணப்படுவது ‘டீனோசெஃபலைடிஸ் ஃபெலிஸ்’ என்று அறிவியலார் பெயரிட்ட பூனைத் தெள்ளு. பெயர் பூனைக்கு உரியதாயினும் நாய்களையும் அது விட்டுவைப்பதில்லை.

பூனையின் மேல் தெள்ளு கண்ணில் படவில்லை என்பதால் அது இல்லையென்று முடிவு செய்துவிடக் கூடாது. பூனை தன் உடலை ஓயாமல் நக்கித் தூய்மை செய்யும் பிராணி. அகப்படும் தெள்ளை அதுவே விழுங்கிவிடும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நெருங்கிய பற்களுள்ள பேன் சீப்பினால் பூனையின் கழுத்தையும் வாலின் அடிப்பகுதியையும் வாரி, உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் இடுங்கள். சில நிமிடங்களில் பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது வெறும் அழுக்கு அன்று. தெள்ளின் எச்சம், அதாவது அது குடித்துக் கழித்த இரத்தம். ஏப்ரல் மாதத்திலேயே எங்கள் பூனை இடைவிடாமல் சொறிந்துகொண்டிருந்தது. வெயிலின் கொடுமை என்று எண்ணி அதைக் குளிப்பாட்டியதோடு நிறுத்திவிட்டோம். அந்நாளில் இச்சோதனையைச் செய்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது.

முதலும் வட்டியும்

கால்நடை மருத்துவர் எங்களுக்கு முதலில் விளக்கியது ஒரு கணக்கு. தெள்ளு புகுந்த ஓர் இல்லத்தில் உள்ள மொத்தத் தெள்ளுகளை 100 என்று கொண்டால், வளர்ந்த பூச்சிகளாகப் பிராணியின் மேல் இருப்பவை ஏறத்தாழ 5 மட்டுமே. மீதி 95 பங்கும் வீட்டில்தான் இருக்கின்றன: முட்டைகளாக 50, புழுக்களாக 35, கூட்டுப்புழுக்களாக 10. இது தோராயமான கணக்கே. எனினும் செய்ய வேண்டியது என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லிவிடாது.

வளர்ந்த தெள்ளு பூனையின் மேல் ஏறிய சில நிமிடங்களிலேயே இரத்தம் குடிக்கத் தொடங்குகிறது. ஓரிரு நாட்களில் பெண் தெள்ளு முட்டையிடுகிறது. நல்ல நிலையில் நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். பேனின் ஈர்போல இம்முட்டைகள் முடியில் ஒட்டிக்கொள்வதில்லை. வழவழப்பான அவை, பூனை நடக்கும்போதும் படுக்கும்போதும் உப்புத் தூவியதுபோல் கீழே உதிர்கின்றன. கூடவே தெள்ளின் எச்சமும் உதிர்கிறது. சில நாட்களில் முட்டையிலிருந்து வெளிவரும் கால்களற்ற வெண்ணிறப் புழுவுக்கு அந்த உலர்ந்த இரத்தமே உணவு. வெளிச்சத்தைக் கண்டால் விலகி, சோபாவின் மடிப்பிலும் பாயின் அடியிலும் தரையின் இடுக்கிலும் அது புகுந்துகொள்கிறது. ஓரிரு வாரத்தில் பட்டு போன்ற இழையால் கூடு பின்னிக்கொள்கிறது. அக்கூடு பசைத்தன்மை உடையது. சுற்றிலுமுள்ள தூசு அதன்மேல் ஒட்டிக்கொள்வதால் தூசுத் திரளுக்கும் கூட்டுக்கும் வேறுபாடு தெரியாது.

இந்தக் கூட்டுக்குள் நடப்பதே சிக்கலின் மையம். உள்ளே தெள்ளு முழு வளர்ச்சி பெற்ற பின்னும் உடனே வெளிவர வேண்டியதில்லை. உயிர்ப்பிராணி அருகில் வரும்வரை பல வாரங்கள், சூழ்நிலை வாய்த்தால் சில மாதங்கள்கூட, அது காத்திருக்கும். காலடியின் அதிர்வு, உடலின் வெப்பம், மூச்சுக்காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றை உணர்ந்ததும் வெளியே தாவுகிறது. பூச்சிமருந்துகளில் பெரும்பாலானவை இக்கூட்டை ஊடுருவுவதில்லை.

வங்கிக் கடனை அறிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. பூனையின் மேலுள்ள தெள்ளை மட்டும் கொல்வது வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும். முதல் வீட்டுத் தரையில் அப்படியே கிடக்கிறது. வீட்டை மட்டும் தூய்மை செய்துவிட்டுப் பூனையைக் கவனியாது விடுவதோ, பழைய கடனை அடைத்துக்கொண்டே நாள்தோறும் புதுக்கடன் வாங்குவது போன்றது. இரண்டையும் ஒருங்கே செய்தாலன்றிக் கணக்கு முடியாது.

பூட்டிய வீடும் பருவமழையும்

மூன்று வாரம் பூட்டிக் கிடந்த வீட்டில் தெள்ளுகள் பட்டினியால் அழிந்திருக்க வேண்டாவா என்று பலரும் கேட்டனர். நடந்தது அதற்கு நேர்மாறானது. நாங்கள் புறப்படுமுன் உதிர்ந்திருந்த முட்டைகள், பெருக்குவாரும் துடைப்பாரும் இல்லாத மூன்று வாரத்தில் ஒரே சீராக வளர்ந்து, கூட்டுக்குள் காத்திருந்தன. கதவு திறந்து ஐந்து பேர் நடமாடியதும் அத்தனையும் ஒருசேர வெளிவந்தன. பூனை இல்லாத வீட்டில் அவற்றுக்குக் கிடைத்தவை எங்கள் கால்களே.

பருவமும் துணை செய்தது. தெள்ளின் முட்டைக்கும் புழுவுக்கும் ஈரப்பதம் இன்றியமையாதது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் புழுக்கள் உலர்ந்து மடிகின்றன; 35 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட கடும் வெப்பமும் அவற்றுக்கு ஆகாது. 20 முதல் 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமும் அவற்றின் பொற்காலம். நம் நாட்டின் கடலோர நகரங்களில் மழைக்காலம் அத்தகையதே. வறண்ட வடமாநிலக் கோடையில் தணிந்திருக்கும் தொல்லை, மழை பெய்ததும் தலையெடுப்பது இதனால்தான்.

பூனையை வெளியேற்றினால் தீருமா?

மருத்துவரிடம் நான் கேட்ட முதற்கேள்வி இதுவே. “பூனையை அனுப்பிவிடலாம். ஆனால் தரையிலுள்ள கூடுகள் அதனோடு போகமாட்டா. இனி வெளிவரும் தெள்ளுகளுக்கு உங்கள் வீட்டில் மிஞ்சும் உணவு நீங்களும் குழந்தைகளும்தான்” என்றார் அவர்.

அவர் மேலும் விளக்கிய செய்தி எங்கள் முடிவையே மாற்றியது. முறையான மருந்து இடப்பட்ட பூனை வீட்டுக்குள் உலவினால், அது தெள்ளுகளுக்கு நடமாடும் பொறியாகிறது. கூட்டிலிருந்து புதிதாக வெளிவரும் தெள்ளு தனக்கு விருப்பமான பூனையின் மேலேயே பாய்கிறது. முட்டையிடுமுன் மருந்தினால் மடிகிறது. முட்டை உதிர்வது நின்றால் தரையிலுள்ள ‘முதல்’ வளர வழியில்லை. இருப்பது மட்டும் கரையத் தொடங்கும். எந்தப் பிராணியை வெளியேற்ற நினைத்தோமோ, அதுவே வீட்டைத் தூய்மை செய்யும் வழியுமாயிற்று.

சட்டமும் இங்கு நினைவுகூரத்தக்கது. உரிய காரணமின்றி, பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மீன் சந்தையருகே விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று அண்டை வீட்டார் சொன்ன யோசனை எளிதாகத் தோன்றினும், அது தீர்வும் அன்று, முறையும் அன்று.

பூனை திரும்பி வந்தது. கூடவே நாங்கள் செய்ய வேண்டிய மற்றொரு கடமையும் இருந்தது. அந்த மூன்று வாரமும் நண்பர் இல்லத்தில் அது முட்டைகளை உதிர்த்திருக்கும் அல்லவா? என் கணவர் பெரும் தயக்கத்தோடு தொலைபேசியில் உண்மையைக் கூறினார். அவர்கள் வீட்டிலும் அதே பணிகளை நாங்களே முன்னின்று செய்து கொடுத்தோம். மறைத்திருந்தால் நட்பும் போயிருக்கும். தெள்ளும் அங்கே தழைத்திருக்கும்.

நாங்கள் செய்யவிருந்த பெரும்பிழை

மருத்துவரைக் காணச் செல்வதற்கு முதல்நாள், அருகிலிருந்த கடையொன்றில் ‘உண்ணிக்கு மருந்து’ என்று கேட்டோம். நாய்க்குரிய பொடி ஒன்றைக் கொடுத்து, பூனைக்கும் போடலாம் என்றார் கடைக்காரர். டப்பாவை மருத்துவரிடம் காட்டியபோது அவர் முதலில் கேட்டது, “இதைப் பூனையின் மேல் போட்டுவிட்டீர்களா?” என்பதே. நல்வேளையாகப் போடவில்லை.

நாய்களுக்கான பல மருந்துகளில் ‘பெர்மெத்ரின்’ என்னும் வேதிப்பொருள் உள்ளது. நாயின் உடல் அதைத் தாங்கிக்கொள்ளும். பூனையின் கல்லீரலுக்கோ அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. உடல் நடுக்கம், வலிப்பு என்று தொடங்கி இறப்பிலும் முடியக்கூடும். நாயின் உண்ணிக்குத் தரப்படும் ‘அமிட்ராஸ்’ என்பதும் பூனைக்கு ஆகாதது. ‘நாய்களுக்கு மட்டும்’ என்ற குறிப்புள்ள எதையும், அளவைக் குறைத்தேனும் பூனைக்கு இடக் கூடாது.

வீட்டு வைத்தியமும் எல்லாம் தீங்கற்றது அன்று. மண்ணெண்ணெய் தடவுவது, கற்பூரம் கரைத்த எண்ணெய் பூசுவது, தைல வகைகளைத் தேய்ப்பது ஆகியவை பூனைக்கு நஞ்சாகலாம்; உடலில் பட்ட எதையும் அது நக்கி விழுங்கும் என்பதை மறக்கலாகாது. பூண்டும் வெங்காயமும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அவற்றை உணவில் கலந்து கொடுத்தல் கூடாது. தரை துடைக்கப் பயன்படும் பினாயிலும் பூனைக்குத் தீங்கானது. ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் செல்கிறது.

பூனைக்குச் செய்ய வேண்டியவை

முதலாவது, கால்நடை மருத்துவரின் ஆலோசனை. பூனையின் வயது, எடை, உடல்நிலை ஆகியவற்றைப் பொறுத்தே மருந்து அமையும். பின்கழுத்தில் இடும் சொட்டு மருந்துகள் இன்று நம் நாட்டு நகரங்களில் கிடைக்கின்றன. ‘ஃபிப்ரோனில்’, ‘செலமெக்டின்’ போன்றவை பூனைகளுக்கென்றே உரிய அளவில் தயாரிக்கப்படுகின்றன. சிலவற்றில் முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் ‘மெத்தோபிரீன்’ என்ற பொருளும் சேர்ந்திருக்கும்.

சொட்டு மருந்தை முடியின்மேல் ஊற்றினால் பயனில்லை. தலையின் பின்புறம், கழுத்தின் அடியில், நாக்கு எட்டாத இடத்தில் முடியை விலக்கித் தோலில் படுமாறு இட வேண்டும். மருந்து இடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் குளிப்பாட்டுதல் கூடாது. வீட்டில் வேறு பூனையோ நாயோ இருந்தால், ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய மருந்தை அதே நாளில் இட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் முயற்சி வீணாகும். பிறந்து சில வாரமே ஆன குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் ஆகா. அவற்றைச் சீப்பினால் வாரி, அகப்படும் தெள்ளைச் சோப்பு நீர் நிறைந்த கிண்ணத்தில் இடுவதே தக்க வழி. குட்டியின் ஈறுகள் வெளுத்துக் காணப்பட்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். தெள்ளுகள் மிகுந்தால் இரத்தச்சோகையால் குட்டிகள் இறந்துவிடுவதும் உண்டு.

சீப்பால் வாரும் பணியை எங்கள் இல்லத்தில் மாமியார் ஏற்றுக்கொண்டார். பேத்திகளின் தலையில் பேன் பார்த்துப் பழகிய கை அது. எங்கள் எவருக்கும் அசையாமல் நிற்காத பூனை, அவர் மடியில் கண்மூடிக் கிடந்தது.

வீட்டுக்குச் செய்ய வேண்டியவை

மகளிடம் ஒரு பணியை ஒப்படைத்தோம்: பூனை எங்கெல்லாம் உறங்குகிறது என்று வீட்டின் படம் வரைந்து குறிப்பது. அவள் குறித்த இடங்கள் ஏழு. முட்டையும் புழுவுக்குரிய உணவும் ஒருங்கே உதிர்வது பூனை நெடுநேரம் படுக்கும் இடத்தில்தான். வீடு முழுவதும் மருந்து தெளிப்பதைவிட இவ்வேழு இடங்களையும் கருத்தோடு கவனிப்பது மிகுந்த பயன் தந்தது. மேலைநாட்டு இல்லங்களைப்போல் சுவருக்குச் சுவர் கம்பளம் விரிக்காத நம் ஓட்டுத்தரைகள் இதில் பெரும் துணை. நாள்தோறும் பெருக்கித் துடைக்கும் வழவழப்பான தரையில் புழு நிலைகொள்வது அரிது. சோபாவின் மடிப்பு, கட்டிலின் அடி, கால்மிதி, ஜமுக்காளம், தரையும் சுவரும் சேரும் இடுக்கு, அலமாரிக்குப் பின்னுள்ள தூசு ஆகியவையே அதன் புகலிடங்கள்.

முதல் இரண்டு வாரம் நாள்தோறும் தூசி உறிஞ்சும் கருவியால் அவ்விடங்களைத் தூய்மை செய்தோம். இக்கருவி முட்டைகளையும் புழுக்களையும் பெருமளவு அகற்றுவதோடு, தன் அதிர்வால் கூட்டிலுள்ள தெள்ளுகளையும் வெளியே வரத் தூண்டுகிறது. வெளிவந்தால்தான் அவற்றை அழிக்க இயலும். சேர்ந்த குப்பையை அவ்வப்போது பையில் இறுகக் கட்டி வெளியே அகற்ற வேண்டும். கருவி இல்லாத இல்லங்களில், இடுக்குகளைத் துருவிப் பெருக்கி ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அத்துணியைக் கொதிநீரில் இடலாம்.

பூனையின் விரிப்பு, படுக்கை விரிப்பு, தலையணை உறை ஆகியவற்றை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தோம். வெயில் இல்லாத மழைநாட்களில் உலர்ந்ததும் சூடான இஸ்திரி போட்டோம். கூடத்தில் கிடந்த பழைய சணல் விரிப்பைத் தூக்கி எறிந்தோம். தெள்ளு குறைகிறதா என்று அறிய, இரவில் ஒரு தட்டில் சோப்பு நீர் ஊற்றி அதன்மேல் சிறு விளக்கொன்றைத் தாழ எரியவிட்டோம். வெளிச்சத்தையும் வெப்பத்தையும் நாடித் தாவியவை காலையில் நீரில் மிதந்தன. இது தெள்ளை ஒழிக்கும் வழியன்று. எண்ணிப் பார்க்க உதவும் அளவுகோல் மட்டுமே. முதல் இரவில் 31. மகள் அதை நாட்காட்டியில் குறித்தாள்.

தொல்லை மிகுந்தால் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைக்க நேரலாம். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவர்களா, எந்த மருந்தைப் பயன்படுத்துகிறார்கள், வீட்டில் பூனையும் குழந்தையும் இருப்பதை அறிந்து செய்கிறார்களா என்று முன்னரே கேட்டறிவது நம் உரிமை. தெளித்த மருந்து முற்றிலும் உலர்ந்து காற்றோட்டம் பெறும்வரை குழந்தைகளும் பூனையும் உள்ளே நுழையக் கூடாது. மீன்தொட்டி இருந்தால் அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். பெர்மெத்ரின் வகை மருந்துகள் மீன்களைக் கொன்றுவிடும். அறை நடுவே வைத்துப் புகையவிடும் மருந்துகள் கட்டிலுக்கும் சோபாவுக்கும் அடியில் சென்று சேர்வதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாம் வாரத்துச் சோதனை

பத்து நாட்களில் தட்டில் மிதந்தவற்றின் எண்ணிக்கை மூன்றாகக் குறைந்தது. வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்தோம். பதினெட்டாம் நாள் காலையில் அது 14 ஆயிற்று. “மருந்து போலி, பணம் தண்டம்” என்று என் கணவர் சினந்தார். பெரும்பாலான குடும்பங்கள் மனம் தளர்ந்து, கண்ட மருந்தையும் வாங்கத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

உண்மையில் அது தோல்வியன்று. மருந்து தீண்டாத கூடுகளுக்குள் இருந்தவை முறை வைத்து வெளிவந்துகொண்டிருந்தன. அவற்றைத் தடுக்க வழியில்லை. வெளிவந்தபின் முட்டையிட விடாமல் செய்வதே நம்மால் ஆவது. அதனால்தான் சொட்டு மருந்தை மருத்துவர் குறித்த இடைவெளியில், பெரும்பாலும் மாதம் ஒன்றாக, குறைந்தது மூன்று மாதமேனும் தொடர வேண்டும் என்கிறார்கள். ஒரு மாதத்தில் நிறுத்துவது, தவணைகள் மீதமிருக்கையில் கடன் தீர்ந்ததென்று எண்ணுவதற்கு ஒப்பாகும்.

தரைத்தளத்தில் குடியிருப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மாடிப்படியின் அடியிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் தெருப்பூனைகள் படுப்பது இயல்பு. அங்கே தெள்ளுகள் இருந்தால் மீண்டும் நம் வீட்டுக்கு வரும். குடியிருப்புச் சங்கத்திடம் பேசி அவ்விடத்திலிருந்த பழைய மூட்டைகளை அகற்றச் செய்தோம். எங்கள் பூனையை அந்தப் பருவம் முழுவதும் வெளியே விடவில்லை.

உடல்நலம்: அக்கறை வேண்டும், அச்சம் வேண்டா

தெள்ளு என்றதும் மும்பைவாசிகளுக்குப் பழைய நினைவொன்று எழும். 1896இல் இந்நகரைத் தாக்கிய பிளேக் கொள்ளைநோயை எலியின் தெள்ளு பரப்புகிறது என்பதை, 1898இல் கராச்சியில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் சோதனை வழியே காட்டினார். அந்நோய்க்கு முதன்மைக் காரணமான எலித் தெள்ளு வேறு. நம் வீட்டுப் பூனைத் தெள்ளு வேறு. அந்த அச்சம் தேவையில்லை.

எனினும் அக்கறை தேவை. தட்டைப்புழுவில் ஒருவகை, தெள்ளின் வழியாகப் பூனைக்கும் நாய்க்கும் பரவுகிறது. அப்புழு தாங்கிய தெள்ளை விளையாட்டின்போது தவறி விழுங்கும் சிறு குழந்தைக்கும் அது வரலாம். அரிசி மணி போன்ற துண்டுகள் பூனையின் வாலடியிலோ குழந்தையின் மலத்திலோ தென்பட்டால் மருத்துவரை அணுகுங்கள், எளிதில் குணமாகக்கூடியதே. பூனைகளிடையே தெள்ளு பரப்பும் ‘பார்ட்டொனெல்லா’ என்னும் நுண்ணுயிரி, தெள்ளின் எச்சம் படிந்த நகத்தால் பூனை பிராண்டும்போது மனிதருக்குத் தொற்றி, நிணநீர்க் கணுக்களில் வீக்கத்தையும் காய்ச்சலையும் உண்டாக்கலாம். பிராண்டிய இடத்தைச் சோப்பு நீரால் உடனே கழுவ வேண்டும். பூனை பிராண்டினாலோ கடித்தாலோ வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்பதும் தவறவிடக் கூடாதது. தெள்ளுக்கடிக்குக் குளிர்ந்த நீர் ஒத்தடம் போதும். ஒருவருக்குத் தடித்துச் சிவப்பதும் மற்றொருவருக்கு ஒன்றும் தெரியாதிருப்பதும் உடலின் ஏற்புத்தன்மையைப் பொறுத்தவை. சொறிந்து புண்ணாக்காமல் குழந்தைகளின் நகங்களை வெட்டிவிடுவது நல்லது.

கணக்குப் பார்த்தால்

வரவுசெலவு எழுதும் வழக்கம் எங்கள் இல்லத்தில் உண்டு. செப்டம்பர் இறுதியில் ஏட்டைப் புரட்டினேன். முதல் வாரத்தில் பதற்றத்தில் வாங்கியவை: நாய்ப்பொடி ஒன்று, கரப்பான்பூச்சி மருந்து இரண்டு, கொசுவிரட்டித் திரவம் மூன்று, பினாயில் ஐந்து லிட்டர், வாசனைத் தைலம் ஒன்று. பயன்பட்டவை: மருத்துவர் கட்டணம், மூன்று மாதச் சொட்டு மருந்து, ஒரு சீப்பு, துணிச்சோப்பு. முதற்பட்டியலின் கூட்டுத்தொகை இரண்டாவதைவிடக் கூடுதலாக இருந்தது. வீட்டுக் காப்பீடு பொதுவாகத் தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. பூச்சித் தொல்லைக்கு அதில் இடமில்லை. செல்லப்பிராணி வளர்ப்போர் மாதந்தோறும் தடுப்பு மருந்துக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைப்பதே உண்மையான காப்பு. நெடும்பயணம் புறப்படுமுன் பூனையைச் சீப்பால் வாரிச் சோதிப்பதும், வீட்டை நன்கு பெருக்கித் துடைத்துப் பூட்டுவதும் செலவில்லாத முன்னெச்சரிக்கைகள்.

ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலிருந்து தட்டில் ஒன்றும் மிதக்கவில்லை. செப்டம்பர் முதல் நாள் மூன்றாம் தவணை மருந்து இட்டோம். பண்டிகைக்கு ஊர் செல்வது பற்றி அண்மையில் பேச்சு வந்தபோது, “நீங்கள் போய் வாருங்கள். இதை யாரிடமும் விட வேண்டாம்; நான் இங்கேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன்” என்றார் மாமியார். அவர் கையில் சீப்பு இருந்தது. மடியில் பூனை இருந்தது.